மே மாத ஜப்பான்: வானமும் வழியும் (வாசகர் கேள்வி பதில்)

பள்ளித் தேர்வுகள் முடியும் நாள்களில் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஜப்பானைப் பற்றியவை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகின்றன. ஏப்ரல் கடைசி முதல் ஜூன் தொடக்கம் வரையிலான அந்த ஐந்தாறு வாரங்களில் அங்கே வானிலை எப்படி இருக்கும், ரயிலிலும் சாலையிலும் எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதே பெரும்பாலான கடிதங்களின் கேள்வி. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் என நால்வர். மே 1 முதல் 10 வரை டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா என்று திட்டமிட்டிருக்கிறோம். வசந்த காலம், தட்பவெப்பம் அருமையாக இருக்கும் என்கிறார் பயண முகவர். அந்த வாரத்தில் மட்டும் போகவே போகாதீர்கள் என்கிறார் அங்கே வேலை பார்த்துத் திரும்பிய உறவினர். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, ஈரோடு)

பதில்: இருவர் சொல்வதும் உண்மைதான். முகவர் வானத்தைப் பார்த்துச் சொல்கிறார். உங்கள் உறவினர் நாள்காட்டியைப் பார்த்துச் சொல்கிறார்.

முதலில் வானம். டோக்கியோவில் மே மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலை 23.6 டிகிரி, இரவில் அது 15 டிகிரியை ஒட்டி இறங்கும். கியோத்தோவிலும் ஒசாகாவிலும் பகலில் ஒன்றிரண்டு டிகிரி கூடுதலாக இருக்கும். கத்திரி வெயில் தொடங்கும் வேளையில் ஈரோட்டிலிருந்து புறப்படும் உங்களுக்கு இது மலைவாசஸ்தலத்துக் குளுமையாகத்தான் தெரியும். ஆனால் ஜப்பானிய வானிலை ஆய்வு நிலையம் 25 டிகிரியைத் தொட்ட நாளுக்கே 'கோடை நாள்' என்று பெயர் வைத்திருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் அப்படிப்பட்ட நாள்கள் பல வரும். நண்பகலில் அரைக்கைச் சட்டை போதும் என்றிருக்கும், ஏழு மணிக்கு ஆற்றங்கரையில் நடந்தால் மேலே ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றும். அதனால் ஒரே ஒரு கனமான ஸ்வெட்டரைவிட, கழற்றிப் பையில் வைக்கக்கூடிய மெல்லிய மேலாடைகள் இரண்டு ஆளுக்கு எடுத்துக்கொள்வதே நல்லது.

மழையும் உண்டு. டோக்கியோவின் மே மாதச் சராசரி ஏறத்தாழ 140 மி.மீ.; மாதத்தில் பத்து நாள் அளவுக்கு மழை பெய்யும். நம் ஊர்க் கோடை மழையைப் போல மாலையில் இடித்துக் கொட்டிவிட்டு ஓய்வது அங்கே வழக்கம் அல்ல. உயரழுத்தமும் காற்றழுத்தத் தாழ்வும் மேற்கிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நாட்டைக் கடந்து போவதால், இரண்டு மூன்று நாள் பளிச்சென்ற வெயில், பிறகு ஒரு நாள் முழுக்கச் சிணுங்கும் மழை, மீண்டும் வெயில் என்று அது மாறி மாறி வரும். பத்து நாள் பயணத்தில் இரண்டு மூன்று நாள் மழைக்கென்று அருங்காட்சியகமும் மீன் காட்சியகமும் கையில் வைத்திருந்தால் குழந்தைகளோடு திண்டாட வேண்டியிருக்காது. குடையைச் சுமந்துகொண்டு போகத் தேவையில்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில், பிடித்தபடியே எதிரில் வருபவரைப் பார்க்க முடிகிற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடைகள் சில நூறு யென்னுக்குக் கிடைக்கும். பெரிய கடைகளின் வாசலில் ஈரக் குடையைச் செருகி எடுக்க நீளமான பிளாஸ்டிக் உறைகள் வைத்திருப்பார்கள். அதைப் போடாமல் உள்ளே நடந்தால் தரையெல்லாம் சொட்டும், அது அங்கே மரியாதைக் குறைவு.

இனி நாள்காட்டி. ஏப்ரல் 29, மே 3, மே 4, மே 5 ஆகிய நான்கும் தேசிய விடுமுறைகள். இவற்றோடு சனி ஞாயிறும் சேர்ந்துகொள்ள, நடுவில் உள்ள வேலை நாள்களுக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நாடே ஒரே நேரத்தில் புறப்படுகிறது. 'கோல்டன் வீக்' என்று அவர்கள் அழைக்கும் இந்த நாள்களில் விடுதி வாடகை பல மடங்கு உயரும். புகழ்பெற்ற இடங்களில் வரிசை மணிக்கணக்கில் நீளும். டோக்கியோவிலிருந்து கியோத்தோ வழியாக ஒசாகா செல்லும் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில்களில் மிக விரைவான நொசோமி, இந்த நாள்களில் முன்பதிவுப் பெட்டிகளை மட்டுமே கொண்டு ஓடும். நிலையத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கி ஏறிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

எனவே என் பதில் நேரடியானது: பயணத்தை ஒரே ஒரு வாரம் தள்ளுங்கள். மே 8க்குப் பிறகு அதே விடுதி, அதே ரயில், அதே கோயில் எல்லாம் வேறு முகம் காட்டும். வெயிலும் நிலையாக இருக்கும். மழைக்காலம் ஜூன் முதல் வாரத்தில்தான் டோக்கியோவை எட்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகள் ஜூனில் திறப்பதால், மே 8 முதல் 25 வரை உள்ள நாள்கள் நம்மவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்தது போன்றவை. இவ்வளவு பொருத்தமான இடைவெளியை விட்டுவிட்டு நெரிசலில் போய் மாட்டிக்கொள்கிறார்களே என்ற ஆதங்கம் எனக்கு ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

தேதியை மாற்ற முடியாது என்றால் திசையை மாற்றுங்கள். விடுமுறையின் முதல் நாள்களில் கூட்டம் டோக்கியோவிலிருந்து வெளியே போகும். கடைசி இரண்டு நாள்களில் உள்ளே திரும்பும். நீங்கள் முதல் சில நாள் டோக்கியோவிலேயே இருந்துவிட்டு, எல்லோரும் திரும்பும்போது கியோத்தோவுக்குப் போனால் எதிர்த்திசை ரயிலில் இடம் கிடைப்பது எளிது. கியோத்தோவில் விடியலைப் பயன்படுத்துங்கள். மே மாதத்தில் ஐந்து மணி வாக்கிலேயே சூரியன் உதித்துவிடும். கியோமிசு கோயில் காலை 6 மணிக்கே திறக்கிறது. ஃபுஷிமி இனாரி மலைக்கோயிலின் சிவப்பு வாயில்களுக்குக் கதவே கிடையாது. ஆறு மணிக்கு அந்த மலைப்பாதையில் கால் வைத்தால் பறவைச் சத்தம் கேட்கும். பத்து மணிக்குப் போனால் மனிதச் சத்தம் மட்டும்தான்.

கேள்வி: மே மாதத்தில் சகுரா எனப்படும் செர்ரிப் பூக்களைப் பார்க்க முடியுமா? இணையத்தில் பார்க்கும் படங்களில் தேதி இருப்பதில்லை. (வாசகர், மதுரை)

பதில்: டோக்கியோவில் முடியாது. அங்கே சகுரா மலரத் தொடங்கும் சராசரி நாள் மார்ச் 24. ஒரு வாரத்தில் முழு மலர்ச்சி, அடுத்த வாரத்தில் உதிர்வு. கியோத்தோவும் ஏறக்குறைய அப்படியே. ஆனால் பூ தெற்கிலிருந்து வடக்கே நடந்து போகிறது. வட முனையில் உள்ள ஹொக்கைடோ தீவின் ஹகோதாதேயில் அது ஏப்ரல் கடைசி வாரத்திலும், சப்போரோவில் மே 1ஐ ஒட்டியும் மலர்வது நீண்டகாலச் சராசரி. ஹகோதாதேயின் கோர்யோகாகு என்னும் நட்சத்திர வடிவக் கோட்டையின் அகழி முழுவதும் இளஞ்சிவப்பாகும் காட்சியை மே முதல் நாள்களில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஆனாலும் எச்சரிக்கை ஒன்று சொல்ல வேண்டும். சராசரி என்பது வாக்குறுதி அல்ல. 2023ஆம் ஆண்டில் சப்போரோவில் ஏப்ரல் 15 அன்றே பூத்துவிட்டது. அங்கே பதிவான நாள்களில் அதுவே மிக முந்தியது. வடக்கில் மே மாதச் சகுராவை மட்டும் நம்பி விமானச் சீட்டு வாங்குவது இப்போதெல்லாம் சூதாட்டம்தான்.

அதைவிட உறுதியானவை மே மாதத்துக்கே உரிய பூக்கள். டோக்கியோவுக்கு வடக்கே அஷிகாகா மலர்ப் பூங்காவில் ஊதா நிற விஸ்டேரியாக் கொடிகள் பந்தலிட்டுத் தொங்கும். ஒரு நூற்றாண்டைக் கடந்த ஒரே கொடி ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்குப் படர்ந்திருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் பாதி வரை அதன் பருவம். மே 5 அன்று குழந்தைகள் தினம் என்பதால், ஆறுகளின் குறுக்கே கயிறு கட்டி வண்ண வண்ணக் கெண்டை மீன் கொடிகளைப் பறக்கவிடுவார்கள். காற்று வாய்க்குள் புகுந்து உப்பும்போது அவை நீந்துவது போலவே இருக்கும். குழந்தைகள் இருந்தால் சகுராவைவிட இதைத்தான் ரசிப்பார்கள்.

கேள்வி: என் பெற்றோர் வாழ்நாளில் பனியைத் தொட்டதில்லை. மே மூன்றாம் வாரத்தில் ஜப்பான் போகிறோம். பனியைப் பார்க்க ஹொக்கைடோ வரை போக வேண்டுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: வேண்டியதில்லை. ஹொக்கைடோவின் ஊர்களில் அதற்குள் பனி உருகியிருக்கும். நீங்கள் போக வேண்டிய இடம் முதன்மைத் தீவின் நடுவிலேயே இருக்கிறது: தொயாமாவுக்கும் நகானோவுக்கும் இடையே மலையைக் கடக்கும் ததேயாமா குரோபே ஆல்பைன் பாதை. அதன் உச்சியான முரோதோ 2,450 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதைவிடத் தாழ்வான இடத்தில் மே மாதத்தில் பத்து மீட்டருக்கு மேல் பனிச்சுவர் நிற்கிறது என்றால் முதலில் நம்பத் தோன்றாது.

காரணம் இதுதான். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று, சற்று வெதுவெதுப்பான ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரையேறியதும் இந்த மலைகளில் மோதி, மேலெழுந்து, அள்ளியதையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. நவம்பர் இறுதியில் மூடப்படும் பாதை ஏப்ரல் 15 வாக்கில்தான் முழுவதுமாகத் திறக்கும். அதற்கு முன், பனிக்கு அடியில் சாலை எங்கே இருக்கிறது என்று ஜி.பி.எஸ். மூலம் கண்டறிந்து பனியை வெட்டி எடுக்கிறார்கள். அப்படி வெட்டிய பள்ளத்தின் இரு பக்கமும் எஞ்சி நிற்பதுதான் புகழ்பெற்ற அந்தப் பனிச்சுவர். பாதை திறக்கும்போது 15 மீட்டரை ஒட்டி இருக்கும். அதைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. மே மூன்றாம் வாரத்தில் சில மீட்டர் குறைந்திருந்தாலும், உங்கள் பெற்றோர் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கும்.

சுவரை அருகில் போய்ப் பாருங்கள் என்று சொல்வேன். தொலைவிலிருந்து வெள்ளையாகத் தெரிவது, கை எட்டும் தூரத்தில் படுக்கை படுக்கையாகக் கோடுகளோடு தெரியும். ஒவ்வொரு பனிப்பொழிவும் ஒரு படலம். இடையிடையே மங்கலான பழுப்புக் கோடு தெரிந்தால், அது கோபி பாலைவனப் பக்கமிருந்து காற்றில் வந்து படிந்த மஞ்சள் மண். விரலால் தேய்த்தால் பனி நறநறவென்று உதிரும். நாம் நினைப்பது போலப் பஞ்சாக இராது, கல் உப்பைப் போலக் குருணையாக இருக்கும்.

அங்கே செல்லும் நாளுக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவை. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் வெப்பநிலை ஆறரை டிகிரி அளவில் குறைவதால், அடிவாரத்தில் 20 டிகிரி இருக்கும்போது மேலே ஐந்தாறு டிகிரிதான். காற்றடித்தால் பூஜ்யம் போல உறைக்கும். கையுறை, காதை மூடும் தொப்பி, காற்றுப் புகாத மேல்கோட்டு ஆகியவை கட்டாயம். வெயிலில் பனி கண்ணைக் கூசவைக்கும் என்பதால் கூலிங் கிளாஸ் இல்லாமல் போகக்கூடாது. காலணி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன்: முதல் முறை துணிக் காலணியோடு போய், நடக்கும் பாதையில் உருகித் தேங்கியிருந்த பனிநீரில் இருபது நிமிடத்திலேயே பாதம் மரத்துப்போய், மிச்ச நேரத்தை நிலையக் கட்டடத்துக்குள்ளேயே கழித்தேன். நீர் புகாத, அடிப்பாகம் வழுக்காத காலணி வேண்டும்.

வழியில் கேபிள் கார், பேருந்து, ரோப்வே என்று பலமுறை மாறி ஏற வேண்டியிருக்கும். முதியவர்களுடன் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் கடப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். தொயாமா பக்கமிருந்து முரோதோ வரை ஏறி, அதே வழியில் இறங்கினால் போதும். 186 மீட்டர் உயரமுள்ள குரோபே அணை மறுபக்கம் இருக்கிறது. ஆனால் பார்வையாளர்களுக்காக அதன் தண்ணீரைத் திறந்துவிடுவது ஜூன் கடைசியில்தான் தொடங்கும். ஆகவே மே மாதத்தில் அதைத் தவறவிடுவதால் பெரிய இழப்பு இல்லை. மேலே மேகம் மூடினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அதனால் தொயாமாவில் இரண்டு இரவு தங்கி, முன்னறிவிப்பைப் பார்த்து நல்ல நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். பெற்றோர் வாழ்நாளில் ஒருமுறை பார்க்கப்போகும் காட்சிக்காக ஓர் இரவு வாடகை கூடுதலாகக் கொடுப்பது வீண் செலவு ஆகாது.

கேள்வி: மே கடைசி வாரத்தில் ஜப்பானின் தென்கோடியில் உள்ள ஒகினாவாத் தீவுக்குப் போய்க் கடலில் குளிக்க ஆசை. அங்கே மழை என்று ஒருவர் சொன்னார். எங்கள் நாட்டிலும் அப்போது மழைதானே, இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? (வாசகர், கொழும்பு)

பதில்: தொடர்பு உண்டு. மே மாத இறுதியில் உங்கள் தென்மேற்குக் கரையை நனைக்கும் பருவக்காற்றும், அப்போது ஒகினாவாவை நனைக்கும் மழையும் ஆசியக் கோடைப் பருவமழை என்னும் ஒரே பெரிய இயக்கத்தின் கிளைகள். பசிபிக் மீதுள்ள வெப்பமான ஈரக்காற்றும் வடக்கே உள்ள குளிர்ந்த காற்றும் சந்திக்கும் எல்லை, நகராமல் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது; அந்த எல்லை நெடுக மேகம் திரண்டு பெய்கிறது. ஜப்பானியர் இதற்கு வைத்த பெயர் த்சுயு. அதன் எழுத்துகளுக்குப் 'பிளம் மழை' என்று பொருள். பிளம் காய்கள் பழுக்கும் காலத்து மழை.

இந்த எல்லைக்கோடு கோடை நெருங்க நெருங்க வடக்கே நகரும். ஒகினாவாவில் த்சுயு தொடங்கும் சராசரி நாள் மே 10, முடிவது ஜூன் 21. கியோத்தோ, ஒசாகா பகுதியில் ஜூன் 6, டோக்கியோவில் ஜூன் 7 வாக்கில் தொடங்கும். ஹொக்கைடோவுக்கு த்சுயு என்று தனியாக ஒரு பருவம் சொல்லப்படுவதில்லை. ஆகவே மே கடைசி வாரம் என்பது ஒகினாவாவுக்கு மழைக்காலத்தின் நடுப்பகுதி. வெப்பநிலை பகலில் 27 டிகிரி அளவில் இருக்கும், கடலும் குளிக்க ஏற்ற சூட்டில் இருக்கும். ஆனால் புழுக்கம் கடுமை, வெயில் எப்போது எட்டிப்பார்க்கும் என்று சொல்ல முடியாது. தினமும் முழு நாளும் பெய்யும் என்றில்லை. மழைக்கு நடுவே இரண்டு நாள் வெளிவாங்கினால் கடல் நீலமாக மின்னும். அதை மட்டும் நம்பிக் குறைந்த நாள்களுக்குப் போவது சரியல்ல.

புயலைப் பற்றியும் எண்ணிக்கொள்ளுங்கள். ஜப்பானின் புயல் பருவம் பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான். என்றாலும் முன்கூட்டியே வருவது உண்டு. 2023ஆம் ஆண்டில் மாவர் புயல் ஜூன் தொடக்கத்தில் ஒகினாவாவை நெருங்கியது. அது சுமந்துவந்த ஈரம் முதன்மைத் தீவின் மேல் நின்ற மழை எல்லைக்குத் தீனி போட, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையிலான ஷின்கான்சென் ரயில்களே நிறுத்தப்பட்டன. மே கடைசியில் போகிறவர்கள் திரும்பும் சர்வதேச விமானத்துக்கு முந்தைய இரவை, அந்த விமான நிலையம் இருக்கும் நகரத்திலேயே கழிப்பதுதான் பாதுகாப்பு.

கடல் ஆசை விலக முடியாதது என்றால் ஏப்ரல் கடைசியில் ஒகினாவா போங்கள். தேதி மாறாது என்றால் இடத்தை மாற்றி வடக்கே போங்கள்.

கேள்வி: மே மாதத்தில் ஃபூஜி மலை ஏறலாமா? (வாசகி, சிங்கப்பூர்)

பதில்: கூடாது. 3,776 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் மே மாதத்தில் உறைபனி கெட்டியாகக் கிடக்கும். உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். தங்கும் குடில்கள் மூடியிருக்கும். ஏறும் பாதைகள் ஜூலையில் திறந்து செப்டம்பர் தொடக்கத்தில் மூடப்படுகின்றன. மூடிய காலத்தில் ஏறிச் சறுக்கி விழுந்து உயிர் விட்டவர்கள் உண்டு.

பார்ப்பதற்கோ மே மாதம் மிக நல்ல காலம். உச்சியில் வெள்ளை மூடியிருக்கும், அடியில் இளம்பச்சை துளிர்த்திருக்கும். பகலில் மேகம் சூழ்ந்துகொள்ளும் என்பதால், டோக்கியோவிலிருந்து காலையில் புறப்பட்டு நண்பகலில் போய்ச் சேருபவர்கள் பெரும்பாலும் வெறும் வெண்புகையைத்தான் பார்க்கிறார்கள். கவாகுச்சி ஏரிக்கரையில் ஓர் இரவு தங்கி, விடியற்காலையில் எழுந்து பாருங்கள். ஏரி 800 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் டோக்கியோவைவிட நாலைந்து டிகிரி குளிர் கூடுதல்.

கேள்வி: எனக்கு வயது 68, மனைவிக்கு 64. அவளுக்கு இளைப்பு உண்டு, ஏசி காற்று ஆகாது. மகன் மே நடுவில் அழைத்துப்போகிறான். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: மே நடுப்பகுதி உங்கள் இருவருக்கும் பொருத்தமான காலம்தான், கவலைப்பட வேண்டாம். ஜப்பானில் இளைப்பு உள்ளவர்களை வாட்டும் செடார் மர மகரந்தம் ஏப்ரலோடு ஓய்ந்துவிடும். அதை அடுத்து வரும் சைப்ரஸ் வகை மகரந்தமும் மே தொடக்கத்தில் அடங்கும். எஞ்சுவது, மேலே நான் குறிப்பிட்ட மஞ்சள் மண். மார்ச் முதல் மே வரை சில நாள்களில் அது கடல் தாண்டி வந்து வானத்தை மங்கலாக்கும். வானிலை ஆய்வு நிலையம் முன்கூட்டியே அறிவித்துவிடும். அன்றைக்கு முகக்கவசம் அணிந்து, வெளியே சுற்றுவதைக் குறைத்துக்கொண்டால் போதும். அங்கே முகக்கவசம் அணிந்தவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மருந்து விஷயத்தில் சட்டம் கடுமை என்பதை உங்கள் மகனிடம் அழுத்திச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்துகளை ஒரு மாத அளவுக்கு எடுத்துப்போகலாம். சீட்டும் கையில் இருக்கட்டும். ஆனால் சளிக்கும் மூக்கடைப்புக்கும் நாம் சாதாரணமாக வாங்கும் மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது பத்து விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ஜப்பானுக்குள் கொண்டுசெல்லவே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்துகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. பையில் வைக்கும் ஒவ்வோர் அட்டையின் பின்புறத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஏசியைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. டோக்கியோ, ஒசாகா நகர ரயில்கள் பலவற்றில் 'குளிரூட்டல் குறைந்த பெட்டி' என்று ஒன்று இருக்கும். அதற்கான குறிப்பு பெட்டியின் கண்ணாடியிலும் நடைமேடையிலும் ஒட்டப்பட்டிருக்கும். எந்தப் பெட்டி என்று மகனைக் கேட்கச் சொல்லுங்கள். ஒரு பருத்திச் சால்வை எப்போதும் உங்கள் மனைவியின் கைப்பையில் இருக்கட்டும். விடியல் சீக்கிரம் வருவதால் திரைச்சீலை மெல்லியதாக உள்ள விடுதிகளில் நாலரை மணிக்கே அறை வெளுத்துவிடும். தூக்கம் கெடாமல் இருக்க கண்மறைப்பு உதவும். கியோத்தோவில் மே மாதம் பள்ளிச் சுற்றுலாக்களின் காலமும்கூட. சீருடைப் பிள்ளைகள் பேருந்துகளை நிறைத்துவிடுவார்கள். அங்கே நகரப் பேருந்தை நம்பாமல் ரயிலும் டாக்ஸியும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ரயில் பாஸ் வாங்குவது லாபமா? பெரிய பெட்டிகளோடு ஷின்கான்சென்னில் ஏற முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: ஏழு நாள் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வே) பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. டோக்கியோவிலிருந்து கியோத்தோவுக்கு ஒரு வழிக் கட்டணம் ஏறத்தாழ 14,000 யென். ஆகவே டோக்கியோ, கியோத்தோ, ஒசாகா என்று மட்டும் போய்வருபவருக்குப் பாஸ் நட்டம்தான். தனித்தனிச் சீட்டே மலிவு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ.க்கு மேல் வரும் பெட்டிக்கு, அதை வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். பெட்டிகளை விடுதியிலிருந்து விடுதிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டுக் கைப்பையோடு ஏறுவதே நிம்மதி. பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். கோல்டன் வீக்கில் தாமதமாகலாம்.

டோக்கியோவிலிருந்து போகும்போது மலைப்பக்க இருக்கையைக் கேளுங்கள். ஷிசுஓகா பகுதியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே, கம்பத்தின் உச்சியில் மின்விசிறிகள் நிற்பதைக் காண்பீர்கள். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று தரையோடு தங்க, சில மீட்டர் மேலே சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும்; அதைக் கீழே தள்ளித் தளிரை உறைபனியிலிருந்து காப்பதுதான் அந்த விசிறிகளின் வேலை. வசந்தம் பிறந்ததாகக் கணக்கிடும் பிப்ரவரி 4 வாக்கிலிருந்து 88ஆம் இரவில், அதாவது மே 2 வாக்கில், உறைபனி விடைபெறும் என்பது அங்குள்ள உழவர்களின் பழைய கணக்கு. முதல் கொழுந்து கிள்ளுவதும் அப்போதுதான்.

கேள்வி: மே 24 முதல் ஜூன் 2 வரை ஹொக்கைடோவில் கார் எடுத்துச் சுற்றத் திட்டம். கோடை உடை போதுமா? (வாசகி, சென்னை)

பதில்: போதாது. சப்போரோவில் அந்த நாள்களில் பகலில் 20 டிகிரியை ஒட்டியும் இரவில் 10, 11 டிகிரியும் இருக்கும். ஓதோரி பூங்காவில் லைலாக் மலர் விழா நடக்கும் வாரமும் அதுவே. அந்தப் பூ மலரும்போது சட்டென்று திரும்பி வரும் குளிருக்கு 'லைலாக் குளிர்' என்று அங்குள்ளவர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கரையில் குஷிரோ பக்கம் குளிர்ந்த கடல் நீரோட்டத்தின் மேல் எழும் மூடுபனி சாலையை மறைத்துவிடும். அங்கே பகலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மனம் வராது.

மறுபுறம், 2019 மே 26 அன்று இதே ஹொக்கைடோவின் சரோமாவில் 39.5 டிகிரி பதிவானது. ஜப்பானில் மே மாதத்தில் பதிவானவற்றில் அதுவே உச்சம். மலையைத் தாண்டி இறங்கும் காற்று வறண்டு சூடேறியதும் அதற்கு ஒரு காரணம். அது அபூர்வம் என்றாலும், பெட்டியில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையும் இருக்கட்டும் என்று சொல்வதற்காகக் குறிப்பிட்டேன்.

ஓட்டுவது நமக்குப் பழகிய இடப்பக்கம்தான். இந்தியாவில் எடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி அங்கே செல்லும். ஷிரெதோகோ கணவாய்ச் சாலை குளிர்காலம் முழுக்க மூடியிருந்து ஏப்ரல் கடைசி வாக்கில்தான் திறக்கும். திறந்த பிறகும் தொடக்கத்தில் இரவில் மூடுவார்கள், பனி பெய்தால் பகலிலும் மூடுவார்கள். அன்று காலையில் விடுதியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். மாலை நேரத்தில் மான்கள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். ஒன்று கடந்துவிட்டதே என்று வேகத்தைக் கூட்டாதீர்கள், பின்னால் இன்னும் இரண்டு வரும்.